ஏரிக்கரை ஜீப்பும் நான்கு அங்குல ஆசையும்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பழைய ஜீப் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் எங்களிடம் ஒரு கேள்வியைத் தொடர்ந்து எழுப்பிவருகிறார்கள். வண்டியை உயர்த்தும் ‘லிஃப்ட் கிட்’ வாங்கலாமா? வாங்கினால் இரண்டு அங்குலமா, நான்கு அங்குலமா? கவிதையும் கதையும் பேசும் இடத்தில் கமான் பட்டைக்கு என்ன வேலை என்று வாசக நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நம் தாத்தாக்கள் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் போய்வந்த வில்வண்டிக்கு அப்பெயர் வந்ததே அடியில் வளைந்து கிடந்த இரும்புப் பட்டைகளால்தான். பட்டறைக்காரர்கள் இன்றும் சொல்லும் ‘கமான்’ என்பதும் வில்லைக் குறிக்கும் பாரசீகச் சொல். மாடு போய் எஞ்சின் வந்தது. வில் அப்படியே இருக்கிறது. சொல்லின் வழியாகவேனும் இது நமக்கு உரிய பொருள்தான்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த நிலத்தில் ஓடும் பழைய ஜீப்புக்கு நான்கு அங்குல லிஃப்ட் கிட் வேண்டியதில்லை; பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு அங்குலமும் வேண்டியதில்லை. அவை தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எந்த உயரத்தில் நின்றனவோ அந்த உயரத்தில் இன்று நிற்கவில்லை. இழந்ததை மீட்காமல் புதிதாக ஒன்றை வாங்கிச் சேர்ப்பதைத்தான் நாங்கள் மறுக்கிறோம்.

எந்த ஜீப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1941 முதல் பெருமளவில் உருவான வில்லிஸ் ஜீப்பின் நேர்வாரிசுகள் நம் நாட்டில் மஹிந்திராவின் பெயரில் பல பத்தாண்டுகள் ஓடின. உயர்ந்த பானட் கொண்ட சிஜே3பி, பிறகு எண்பதுகளில் பூஷோ டீசல் எஞ்சினோடு வந்த எம்எம்540, அதன் உறவினர்கள். மறுபக்கம் 1985இன் இறுதியில் வந்த மாருதி ஜிப்சி. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுண்டு: முன்னும் பின்னும் முழு நீள இரும்பு அச்சு, அந்த அச்சை ஏந்தும் பட்டைக் கட்டு. 2010இல் வந்த தாருக்கு முன்பக்கம் பட்டை கிடையாது. 2020இல் வந்த புதிய தாருக்குப் பின்பக்கமும் கிடையாது, நான்கு மூலையிலும் சுருள்வில்தான். இன்று விளம்பரங்களில் உயர்ந்து நிமிர்ந்து நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் இந்தப் புதிய இனம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முப்பது வயது எம்எம்540க்குக் கிட் கேட்பது, மருமகனின் சட்டை அளவைச் சொல்லி மாமனாருக்குத் தைக்கச் சொல்வதைப் போன்றது.

இந்த வண்டிகள் இங்கே என்ன செய்கின்றன? சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகத்துக்கும் விதையும் உரமும் ஏற்றிப் போகின்றன. பழுதான மோட்டாரைக் கிணற்றடியிலிருந்து கடைத்தெருவுக்குக் கொண்டுவருகின்றன. ஏரிக்கரை மேல் ஊர்ந்து மதகடியில் நிற்கின்றன. செய்யாற்று மணலில் இறங்கி ஏறுகின்றன. கல் குவாரிகளின் டிப்பர் லாரிகள் உழுதுபோட்ட சாலைகளில் குதித்து ஓடுகின்றன. வடகிழக்குப் பருவமழை மூன்று நாள் நின்று பெய்தால் ஏரி வண்டல் மிதித்த இடமெல்லாம் பிசையும். அப்போது வண்டி சிக்கிக்கொள்கிறது. ‘இன்னும் கொஞ்சம் உயரம் இருந்திருந்தால்’ என்ற எண்ணம் எழுகிறது. ஆசை நியாயமான இடத்தில்தான் பிறக்கிறது. அது போய்ச் சேரும் கடைதான் தவறு.

ஏனெனில், வண்டி சேற்றில் எதனால் சிக்குகிறது என்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. முழு அச்சு வண்டியில் தரைக்கு மிக அருகில் தொங்குவது அச்சின் நடுவேயுள்ள டிஃபரென்ஷியல் குண்டு. வரப்பில் தட்டுவது அது. சேற்றில் ஏர் முனைபோல் உழுவது அது. இரு சக்கரத் தடங்களுக்கு நடுவே மேடிட்ட மண்ணில் குந்திக்கொள்வதும் அதுதான். லிஃப்ட் கிட் உயர்த்துவதோ அச்சுக்கு மேலே இருக்கும் சேஸையும் உடலையும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். நான்கு அங்குலம் உயர்த்திய ஜீப்பின் டிஃபரென்ஷியல் தரையிலிருந்து நேற்று எவ்வளவு தூரத்தில் இருந்ததோ இன்றும் அவ்வளவு தூரத்தில்தான் இருக்கிறது. அதை உயர்த்த வல்லது டயர் ஒன்றே. டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அச்சு ஓர் அங்குலம் எழும். அவ்வளவுதான் கணக்கு; இதில் மந்திரம் ஏதுமில்லை.

அப்படியானால் லிஃப்ட் எதற்காகப் பிறந்தது? பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க இடம் தருவதற்கும், பாறைமேல் ஏறும்போது வண்டியின் வயிறு தட்டாமல் இருப்பதற்கும், ஏறும் கோணமும் இறங்கும் கோணமும் கூடுவதற்கும் பிறந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோவாபில் படிக்கட்டுகளைப் போன்ற மணற்பாறைகள் இருக்கின்றன. அங்கே அது பொருள்படும். உத்திரமேரூரில் பாறை ஏறும் வேலை ஜீப்புக்கு இல்லை. இங்கே இருப்பவை களியும் மணலும் கரையும்.

களியிலும் மணலிலும் உயரத்தைவிட டயரின் காற்றே பெரிது. செய்யாற்று மணலில் இறங்கும் முன் காற்றைப் பதினெட்டு இருபது பவுண்டுக்குக் குறைத்தால் டயர் பரந்து மணலின்மேல் மிதக்கும். மேலேறி வந்ததும் மறக்காமல் காற்றடித்துக்கொள்ள வேண்டும். களியில் வழுவழுப்பான டயர் எத்தனை உயரத்தில் இருந்தாலும் சுழலும். குறுகிய, ஆழ்ந்த கட்டை கொண்ட டயர் மேற்சேற்றைக் கிழித்து அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொடும். நான்கு சக்கர இழுவையைச் சேற்றுக்குள் போன பிறகு போடுவதா, முன்பே போடுவதா என்ற சிறு பழக்கம்கூட நான்கு அங்குலத்தைவிட அதிகம் உதவும். பல பழைய ஜீப்புகளில் முன்சக்கர இழுவை வேலை செய்கிறதா என்று பார்த்தே ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது தனிக் கதை.

இனி கரைக்கு வருவோம். எங்களுக்கு உண்மையான அச்சம் இங்கேதான்.

ஏரிக்கரையின் மேல்தளம் குறுகலானது. பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்தது. ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் ஆயக்கட்டு வயல் ஆள் உயரத்துக்குக் கீழே. அதில் பழைய ஜீப்பைப் போன்ற ஒடுக்கமான வண்டி ஒன்று உயர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 120 செ.மீ., எடைமையம் தரையிலிருந்து 65 செ.மீ. என்று ஒரு வண்டியைக் கற்பித்துக்கொள்வோம். அசையாமல் நிற்கும்போது அது கவிழ ஏறத்தாழ 43 பாகை சாய வேண்டும். எடைமையம் 10 செ.மீ. உயர்ந்தால் 39 பாகையே போதும். நான்கு பாகைதானே என்று தோன்றும். ஆனால் இது பட்டையே இல்லாத கட்டை வண்டிக்கான கணக்கு. உண்மை வண்டி சாய்ந்த பக்கம் பட்டை அமுங்கும், டயர் நசுங்கும், மூட்டைகள் சரியும், பின்னால் அமர்ந்திருப்பவர்கள் சரிவார்கள். இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் பாகைகளிலிருந்துதான் அந்த நான்கு போகிறது. வளைவில் சற்று விரைந்து திரும்பும்போதும் கதை இதுவே.

ஜிப்சியைச் செய்தவர்களே இதை உணர்ந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1993இல் அவ்வண்டியின் சக்கர இடைவெளியை 90 மி.மீ. அகலப்படுத்தினார்கள். அகலத்தைக் கூட்டி அவர்கள் தேடிக்கொடுத்த உறுதியை, உயரத்தைக் கூட்டி நாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அதற்குப் பணமும் கொடுக்கிறோம்.

கடையில் கிடைக்கும் வழிகள் என்னென்ன என்று பார்ப்போம். மிக மலிவானது நீளச் சாக்கிள். பட்டையின் ஒரு முனையைச் சேஸோடு பிணைக்கும் ஊஞ்சல்போன்ற இணைப்பே சாக்கிள். அதை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலம் உயரும். மறுமுனை நிலையாக இருப்பதால் பாதிதான் கிடைக்கும். மலிவு, ஒரே பிற்பகலில் முடியும் வேலை. ஆனால் வில்லிஸ் வழிவந்த ஜீப்புகளில் முன்பட்டையின் சாக்கிள் முன்முனையில் இருக்கிறது. அம்முனை கீழிறங்கினால் அச்சே முன்னோக்கிக் குனிகிறது. சைக்கிளின் முன்ஃபோர்க்கு நேர்செங்குத்தாக இல்லாமல் பின்சாய்ந்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். கைவிட்டு ஓட்டினாலும் சைக்கிள் நேராகப் போவதில் அச்சாய்வுக்குப் பெரும் பங்குண்டு. ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் அப்படியொரு சாய்வு, சில பாகைகள், உண்டு. மேஸ்திரிகள் காஸ்டர் என்பார்கள். அச்சு குனியும்போது அச்சாய்வு கரைகிறது. பிறகு காஞ்சிபுரம் சாலையில் ஐம்பதைத் தாண்டினால் வண்டி தள்ளாடுகிறது. ஸ்டியரிங் தானாக நேருக்கு வர மறுக்கிறது. ‘ஸ்டியரிங் பெட்டி போய்விட்டது’ என்று அதையும் மாற்றுவார்கள். பெட்டி பாவம், ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாவது வழி, பட்டையை அச்சுக்கு மேலே ஏற்றுவது. இந்த ஜீப்புகளிலும் ஜிப்சியிலும் பட்டைக் கட்டு அச்சுக்கு அடியில் செல்கிறது. அதை மேலே மாற்றிக் கட்டினால் அச்சுக் குழாயின் தடிமனும் கட்டின் தடிமனும் சேர்ந்து ஒரேயடியாக ஐந்து அங்குலம் அளவுக்கு வண்டி எழுந்து நிற்கும். பார்க்க வியப்பாகத்தான் இருக்கும். இதற்கு அச்சின்மேல் புதிய இருக்கைகளை வெல்டிங் செய்ய வேண்டும். அந்த வெல்டிங்கில்தான் உங்கள் வீட்டார் உயிர் நிற்கும். ஸ்டியரிங் பெட்டி சேஸில் இருக்கிறது, சக்கரம் அச்சில் இருக்கிறது. நடுவிலுள்ள தண்டின் சாய்வு கூடிவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானே திரும்பப் பார்க்கும். ஜாயிண்ட் ஷாஃப்டின் கோணம் கூடிக் கிராஸ் சீக்கிரம் தேயும், வண்டி அதிரும். பிரேக் ஹோஸ் நீளம் பற்றாமல் ஒரு பெரிய பள்ளத்தில் இழுபட்டு அறும். ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி உண்டு, தெரிந்தவர்கள் செய்கிறார்கள், போட்டிகளில் ஓட்டுகிறார்கள். அவர்களோடு எங்களுக்குப் பிணக்கில்லை. உர மூட்டை ஏற்றும் வண்டிக்கு அது வேலை அல்ல.

உடலுக்கும் சேஸுக்கும் நடுவே கட்டைகள் வைத்து உயர்த்துவதைப் பற்றி ஒரு வரி போதும். அது தோற்றத்துக்கு மட்டுமே. கூடுதல் பட்டை ஒன்றைச் செருகுவது சற்று மேலான வழி. ஆனால் வெறும் வண்டி மாட்டுவண்டியைப்போல் குதிக்கும். எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு அது ஒத்துவரலாம். கடைசியாக, முழுக் கட்டாக விற்கப்படும் கிட்: அதிக வளைவு கொண்ட புதிய பட்டைகள், அதற்கேற்ற நீளமுள்ள ஷாக் அப்சார்பர், காஸ்டரைத் திருத்தும் ஆப்புத் தகடு, நீள பிரேக் ஹோஸ் என்று எல்லாம் சேர்ந்து வந்தால் அது நேர்மையான பொருள். பட்டையும் சாக்கிளும் மட்டும் பெட்டியில் வந்து, மற்றவை ‘உங்கள் மேஸ்திரி பார்த்துக்கொள்வார்’ என்று விடப்பட்டால் அது பாதிக் கிட், முழு விலை.

உத்திரமேரூர் என்றதும் குடவோலையைப் பேசாமல் யாரும் விடுவதில்லை, நாங்களும் விடப்போவதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், பொ.ஆ. 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. வயது, நிலம், வீடு, கல்வி என்று தகுதிகளை எல்லோரும் ஒப்பிப்பார்கள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவனையும் அவனுடைய நெருங்கிய உறவினரையும் குடத்தில் இடக்கூடாது என்ற விதியும் அங்கே உண்டு. கிட் விற்பவர்களுக்கும் இவ்விதியை நீட்டித்தால் நன்றாயிருக்கும். ஷாக்கின் நீளம் என்ன, காஸ்டருக்கு என்ன செய்தீர்கள், ஹோஸ் எங்கே என்று கேட்டுக் கணக்குக் காட்டாதவரின் ஓலையைக் குடத்தில் போடாமல் விட்டுவிடலாம்.

அதே கல்வெட்டில் வரும் ஏரி வாரியத்தை மேடைகள் அதிகம் பேசுவதில்லை. பல்லவ மன்னன் தந்திவர்மனின் வயிரமேகன் என்ற பட்டப்பெயரைத் தாங்கிய வயிரமேக தடாகம்தான் இவ்வூரின் பெரிய ஏரி. அதைப் பேண ஆண்டுதோறும் ஆட்களை அமர்த்திய ஊர் இது. ஏரி வைத்திருக்கும் எந்த ஊரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. வண்டல் படிந்து கொள்ளளவு குறையும்போது இரண்டு வழிகள் தென்படும்: தூர் வாரலாம், அல்லது கரையை உயர்த்தலாம். கரையை உயர்த்துவது எளிது, கண்ணுக்கும் தெரியும். அடியில் வண்டல் அப்படியே கிடக்க, கரையின்மேல் அழுத்தம் மட்டும் ஏறும். தளர்ந்த பட்டையின்மேல் நீளச் சாக்கிளை மாட்டுவதை நாங்கள் பார்க்கும்போதெல்லாம் இதுவே நினைவுக்கு வருகிறது.

ஆகவே தூர் வாருவதிலிருந்து தொடங்குங்கள். வண்டியைச் சமதளத்தில், நெல் களத்தின் சிமெண்டுத் தரை போதும், பாரமின்றி நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்றைச் சமப்படுத்துங்கள். ஒவ்வொரு பக்கமும் அச்சுக்கும் அதற்கு நேர் மேலேயுள்ள சேஸுக்கும் இடையே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வலப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம், இடப்பக்கத்தைவிட முக்கால் அங்குலம் ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தால் வியக்க வேண்டாம். முப்பது ஆண்டுகளாக ஒருவர் அங்கேயே அமர்ந்திருக்கிறார். பட்டையின் வளைவைப் பாருங்கள். முதுகு நிமிர்ந்து தட்டையாகிவிட்டதா, அல்லது எதிர்ப்பக்கமே வளைந்துவிட்டதா? மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து ஒவ்வோர் இலையாக விரிசல் தேடுங்கள். பெரும்பாலும் நடுவிலுள்ள சென்டர் போல்ட் துளையருகேதான் உடையும். சாக்கிள் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து ஓவலாகியிருக்கும். எங்கள் நண்பர் ஒருவரின் ஜீப்பைப் பார்த்த பட்டறைக்காரர் கிட் பற்றிய பேச்சை முழுவதும் கேட்டுவிட்டு, “மொதல்ல எவ்ளோ எறங்கியிருக்குன்னு அளந்துட்டு வாங்க சார், அப்புறம் எவ்ளோ ஏத்தலாம்னு பேசிக்கலாம்” என்றார். அளந்தபோது இடவலம் சேர்த்துப் பார்த்தால் பின்பக்கம் சராசரியாக ஒன்றேமுக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. அவர் வாங்க நினைத்த கிட் இரண்டு அங்குலத்துக்கானது.

இறங்கிய பட்டைக்கு இரு சிகிச்சைகள். ஒன்று, கட்டைப் பிரித்து ஒவ்வோர் இலையையும் மீண்டும் வளைப்பது. இதற்கென்றே நெடுஞ்சாலை ஊர்களில் கமான் பட்டறைகள் உண்டு. பட்டையைக் காய்ச்சாமல், பட்டடைமேல் வைத்துச் சம்மட்டியால் வரிசையாக அடித்து அடித்து வளைவைத் திரும்பக் கொண்டுவரும் அந்த வேலையை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும். எங்கே எத்தனை அடி என்பது எந்த ஏட்டிலும் இல்லை. முந்தைய இலையின் மேல் அடுத்ததை வைத்து இடைவெளியைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்கிறார்கள். பட்டை சிலிகானும் மாங்கனீசும் கலந்த எஃகு. தொழிற்சாலையில் அதைச் செஞ்சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, பிறகு குறைந்த வெப்பத்தில் பதமாக்குவார்கள். அந்தப் பதம்தான் அதன் வில் குணம். சாலையோரத்தில் கேஸ் வெல்டிங் நெருப்பால் காய்ச்சி வளைத்தால் அந்தப் பதம் கெடும். வளைவு அழகாக வரும். சில மாதங்களில் தளரும், அல்லது ஒருநாள் பாரத்தோடு முறியும். ஆகவே நெருப்பு மூட்டும் இடத்திலிருந்து பட்டையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். குளிர்நிலையில் அடித்து வளைத்ததும் நிரந்தரமல்ல. மெதுவாக மீண்டும் இறங்கும். விரிசலும் ஆழ்ந்த தேய்மானமும் உள்ள கட்டுக்கு இரண்டாவது சிகிச்சைதான்: அதே வண்டிக்குரிய அளவில் புதிய பட்டைக் கட்டு. எது வேண்டும் என்பதைக் கட்டைப் பிரித்த பிறகே முடிவு செய்ய முடியும். பிரிக்காமலே சொல்பவரை நம்பாதீர்கள்.

இப்பட்டறைகள் குறைந்துவருகின்றன. லாரிகளிலும் பல இலைக் கட்டுகளுக்குப் பதில் ஓரிரு கனத்த இலைகள் வருகின்றன, கார்களில் சுருள்வில். சம்மட்டி பிடிக்க இளைஞர் யாரும் வருவதில்லை. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகள் அழைக்கும்போது ஏன் வரப்போகிறார்கள்? அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஒரு பழைய ஜீப்பின் உரிமையாளர் இணையத்தில் பெட்டி வரவழைக்கும் ஒவ்வொரு முறையும், பத்துக் கல் தொலைவில் அவ்வண்டியைக் கண்ணால் அளக்கத் தெரிந்த ஒருவரின் ஒரு நாள் கூலி போகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 சனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வகுத்தது. புதிய வண்டிக்காரரை விட இது பழைய வண்டிக்காரரை நெருக்கமாகத் தொடும். பதினைந்து ஆண்டுகள் கடந்த வண்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் முன் போய் நின்று பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உயர்த்திய வண்டி அன்று மறுக்கப்படலாம். அதைவிடக் கொடியது, விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரர் வண்டியின் மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முற்படுவது. சட்டம் மிகக் கறாராக இருக்கிறது என்ற வருத்தம் எங்களுக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் 50 மி.மீ. வரை தனிச் சான்றில்லாமல் உயர்த்த இடமளித்து, அதற்குமேல் பொறியாளரின் சான்று கேட்கிறார்கள். அது அறிவார்ந்த வழி. அத்தகைய வழி இங்கே வரட்டும் என்று எழுதுவோம், கேட்போம். அதுவரை, அளவுக்குரிய பட்டையைப் புதுப்பிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

ஆடவர் மட்டுமே பேசும் இந்த உரையாடலில் விடுபட்டுப்போகும் ஒன்று, வண்டியில் ஏறுபவர்கள். பழைய ஜீப்பின் பின்படி ஏற்கெனவே உயரம். மாதம் ஒருமுறை கண் மருத்துவமனைக்குச் செங்கல்பட்டு வரை போகும் பாட்டியும், களையெடுத்துவிட்டுத் திரும்பும் பெண்களும் சேலையைப் பிடித்துக்கொண்டு அதில் ஏற வேண்டும். அதற்குமேல் நான்கு அங்குலத்தைச் சேர்க்க முடிவெடுக்கும்போது அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்கிப் போடுபவரிடமும் கேட்பதில்லை. இரவில் எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரரோ கேள்விக்கே அப்பாற்பட்டவர். உயர்ந்த முகவிளக்கு நேரே அவர் கண்ணில் விழுகிறது, உயர்ந்த பம்பர் அவருடைய மார்பு மட்டத்துக்கு வருகிறது.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு உயரம் வேண்டும்தான். அவர்களுக்கு: முதலில் பட்டையை மீட்டு, புஷ்ஷும் சாக்கிளும் மாற்றி, நல்ல ஷாக் அப்சார்பர் போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் எங்கே தட்டுகிறது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். தட்டுவது டிஃபரென்ஷியல் என்றால், உற்பத்தியாளர் அந்த மாதிரிக்கு அனுமதித்த டயர் அளவுகளில் பெரியதைக் கேளுங்கள். 6.00-16 இலிருந்து 7.00-16க்குப் போனாலே அச்சு ஓர் அங்குலம் அளவுக்கு எழும். பெரிய டயரை நிறுத்தப் பழைய டிரம் பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும் என்பதையும், வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தட்டுவது சைலன்சர் குழாய் என்றால் குழாயை மேலே தள்ளிக் கட்டுங்கள். அதற்காக வண்டியைத் தூக்க வேண்டியதில்லை.

பட்டையை மாற்றிக் கட்டியவர்கள் கவனத்துக்கு ஒன்று. புதிய கட்டு முதல் சில நூறு கிலோமீட்டரில் அமரும். அப்போது யு-போல்ட்டின் நட்டுகள் தளரும். தளர்ந்தால் சென்டர் போல்ட் தனியாகப் பாரம் தாங்கி முறியும், அச்சு நகரும். ஆகவே இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டறைக்குத் திரும்பிப் போய், வண்டி சக்கரத்தின்மேல் நிற்கும் நிலையிலேயே நான்கு மூலையிலும் நட்டுகளை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். சாக்கிள் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கவும் சொல்லுங்கள். அதற்குப் பெரும்பாலும் தனிக்கூலி கேட்க மாட்டார்கள்.